கம்பத்தின் உச்சியில் தொடங்கிய மாற்றம்: சட்டனூகா மின்விநியோகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்மார்ட் கிரிட், அதாவது கணினியும் தகவல்தொடர்பும் சேர்ந்து இயக்கும் மின்கட்டமைப்பு, என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது மீட்டர்தான். சுவரில் மாட்டிய டிஜிட்டல் பெட்டி, ஆள் வராமலே எடுக்கப்படும் ரீடிங், செல்போனுக்கு வரும் பில். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் சட்டனூகா நகரமும் வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டியது உண்மைதான். ஆனால் அந்த ஊரைப் பற்றி மின்துறையில் இருப்பவர்கள் இன்றும் பேசுவதற்குக் காரணம், மின்கம்பங்களின் உச்சியில் ஏற்றப்பட்ட ஏறத்தாழ 1,200 தானியங்கி சுவிட்சுகள். மின்சாரம் போகும் வழியை முதலில் சரிசெய்துவிட்டு, அதற்குத் துணையாக மீட்டரைப் பயன்படுத்திய ஊர் அது. பில் வசூலை முன்னால் வைத்துத் தொடங்கும் திட்டங்களில் பொதுமக்களுக்கு என்ன கிடைத்தது என்று விளக்கவே சிரமப்பட வேண்டியிருக்கிறது. சட்டனூகாவில் அதை ஒரே ஒரு புயல் நாளில் பார்க்க முடிந்தது.

ஊரும் அதன் வாரியமும்

சட்டனூகா டென்னசி ஆற்றங்கரையில், ஜார்ஜியா மாநில எல்லையை ஒட்டி, குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. பழைய தொழில் நகரம். 1969-ல் அமெரிக்காவிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன ஊர் என்ற பெயரை வாங்கியது. அதிலிருந்து மீண்டு வந்ததில் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு.

ஊருக்கு மின்சாரம் கொடுப்பது ஈபிபி என்று அழைக்கப்படும் மின் வாரியம். 1935-ல் தொடங்கப்பட்டது, நகரத்துக்குச் சொந்தமானது, லாப நோக்கம் இல்லாதது. விற்கும் மின்சாரத்தை அது தானாகத் தயாரிப்பதில்லை. 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் உருவான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடமிருந்து மொத்தமாக வாங்கி, சுமார் 600 சதுர மைல் பரப்பில், சுமார் 1,70,000 வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதாவது முழுக்க முழுக்க ஒரு விநியோக நிறுவனம். இந்த ஆய்வுக்கு அது வசதியான விஷயம். உற்பத்தி, உயரழுத்தத் தொடரமைப்பு என்ற வேறு கணக்குகள் குறுக்கே வராமல், துணைமின் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை நடப்பதை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

வாரியத்தின் தலைவலி மரங்கள். மழை நிறையப் பெய்யும் மலைப்பாங்கான பகுதி. கம்பிகள் பெரும்பாலும் தலைக்கு மேலே போகின்றன. காற்று அடித்தால் கிளை ஒடிந்து கம்பியில் விழுகிறது. கோடையில் இடி மின்னலோடு காற்று, வசந்தத்தில் டொர்னேடோ எனப்படும் சுழல் சூறாவளி, குளிர்காலத்தில் பனிச்சுமை. மின்தடையால் ஊருக்கு ஏற்படும் நஷ்டம் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் என்று வாரியமே மதிப்பிட்டு வைத்திருந்தது. இந்தத் தொகை வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் எங்கும் வராது. கடைக்காரர், தொழிற்சாலை, மருத்துவமனை, வீடு என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நஷ்டம் அது. தனியார் நிறுவனம் ஒன்று அதைத் தன் செலவாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. வாடிக்கையாளரே உரிமையாளராகவும் இருக்கும் ஒரு நகர வாரியத்துக்கு அந்தக் காரணம் இருந்தது. பின்னால் வந்த எல்லா முடிவுகளுக்கும் அடி இதுதான்.

பழைய முறையில் ஒரு கோளாறு

ஒரு ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒரு கம்பித்தடத்தை, எடுத்துக்கொள்வோம். ஈபிபியில் இப்படிப்பட்ட 12 கிலோவோல்ட் ஃபீடர்கள் 171. சராசரியாகப் பார்த்தால் ஒரு ஃபீடருக்கு ஆயிரம் வாடிக்கையாளர்கள். நடுவில் எங்கோ ஒரு கிளை கம்பியில் விழுகிறது. துணைமின் நிலையத்தில் உள்ள ரிலே என்ற காவல் கருவி அதிக மின்னோட்டத்தை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கிறது, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆயிரம் வீடும் இருட்டு. சில நொடிகள் கழித்து பிரேக்கர் தானாக மூடி, மின்சாரத்தை விட்டுப் பார்க்கும். கிளை இன்னும் அங்கேயே இருந்தால் மறுபடி டிரிப். இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடும்.

அப்புறம்தான் மனித வேலை. வாடிக்கையாளர்கள் போன் செய்கிறார்கள். எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து அழைக்கிறார்கள் என்பதை வைத்துக் கட்டுப்பாட்டு அறை ஊகிக்கிறது. லைன்மேன் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பி போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகிறார். இரவு, மழை, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்ததும், அதற்கு முன்னால் இருக்கும் கைச் சுவிட்சைத் திறந்து, துணைமின் நிலையத்துப் பக்கம் உள்ள பாதிக்கு மின்சாரம் விடுகிறார்கள். பிறகு மறுமுனைக்குப் போய், பக்கத்து ஃபீடரோடு இணைக்கும் சுவிட்சை மூடி, மீதியில் முடிந்ததை மீட்கிறார்கள். அதற்கும் பிறகுதான் கிளையை வெட்டி கம்பியைச் சேர்க்கும் வேலை.

கிளை விழுந்த அந்தச் சிறிய பகுதியில் இருப்பவர்கள் நூறோ நூற்றைம்பதோ பேர்தான். மற்ற எல்லோரும் இருட்டில் இருந்ததற்குக் காரணம், கோளாறு எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போனது. தெரிந்த பிறகும் சுவிட்சைத் திறக்க ஒரு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. சட்டனூகா கைவைத்தது இந்த இடத்தில்.

பணம் வந்த வழி

வாரியத்தின் தலைவராக இருந்த ஹெரால்ட் டிப்ரீஸ்ட் காலத்தில் திட்டம் உருவானது. கம்பத்தில் ஏறும் சுவிட்சுகள் ஒன்றோடொன்று நொடியில் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு ஊர் முழுக்க ஒளியிழை (ஃபைபர் கேபிள்) இழுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ரேடியோ போதாதா என்று கேட்கலாம். பல ஊர்களில் ரேடியோவை வைத்துத்தான் செய்கிறார்கள், ஓரளவு நடக்கவும் நடக்கிறது. ஆனால் ஒளியிழை ஒரு தடவை கம்பத்தில் ஏறிவிட்டால் அதே இழையில் வீடுகளுக்கு இணையமும் விற்கலாம் என்று வாரியம் கணக்குப் போட்டது. உள்ளூர் கேபிள் தரப்பு நீதிமன்றத்துக்குப் போயும் அதைத் தடுக்க முடியவில்லை. 2008-ல் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். மொத்த வேலைக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு ஆகும் என்பது அன்றைய திட்டம்.

2009-ல் நிலைமை மாறியது. பொருளாதார வீழ்ச்சியிலிருந்து மீள ஒபாமா அரசு கொண்டுவந்த ஊக்கச் சட்டத்தில் ஸ்மார்ட் கிரிட் மானியங்களுக்கு ஒரு பெரிய தொகை ஒதுக்கப்பட்டது. ஈபிபிக்குச் சுமார் 11.15 கோடி டாலர் கிடைத்தது. அந்த மின்கட்டமைப்புத் திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் 23 கோடி டாலர். ஏறக்குறைய பாதி மத்திய அரசின் பணம். பத்தாண்டு வேலை மூன்று ஆண்டு வேலையாகச் சுருங்கியது. 2010 செப்டம்பரில் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் இணையம் தரத் தயார் என்று வாரியம் அறிவித்தபோது, அமெரிக்காவில் வேறெந்த ஊரிலும் அது இல்லை. உலகம் கவனித்தது அந்த இணையத்தைத்தான். கம்பத்தின் மேலே நடந்துகொண்டிருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு.

சுவிட்ச் என்ன செய்கிறது

ஈபிபி தேர்ந்தெடுத்தது சிகாகோவின் எஸ் அண்ட் சி எலெக்ட்ரிக் நிறுவனம் தயாரிக்கும் இன்டெலிரப்டர் என்ற சாதனம். கம்பத்தின் உச்சியில், கம்பியின் நடுவே உட்காரும் மூன்று ஃபேஸ் பிரேக்கர் என்று சொல்லலாம். அதற்குள்ளேயே இரண்டு பக்கத்து வோல்டேஜையும் ஓடும் மின்னோட்டத்தையும் அளக்கும் உணரிகள், ஒரு கட்டுப்பாட்டுக் கணினி, தொடர்புக் கருவி எல்லாம் இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கோளாறு போய்விட்டதா என்று அது சோதிக்கும் விதம். பழைய பிரேக்கர் முழு மின்சாரத்தையும் கோளாறின் மீதே திரும்பவும் பாய்ச்சிப் பார்க்கும். ஒவ்வொரு முயற்சியிலும் ஆயிரக்கணக்கான ஆம்பியர் கம்பியில் பாய்கிறது, டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள் உதறுகின்றன, கம்பி சூடாகிறது, பக்கத்து ஃபீடரில் இருப்பவர்கள் வீட்டு விளக்கு கூட மங்கி எழுகிறது. புதிய சுவிட்ச் அப்படிச் செய்வதில்லை. ஒரு ஃபேஸை மட்டும், அலையின் சரியான புள்ளியில், மிகச் சிறிய நேரத்துக்கு மூடித் திறந்து ஒரு சின்ன மின்துடிப்பை மட்டும் அனுப்புகிறது. அப்போது ஓடும் மின்னோட்டத்தின் அலையைப் பார்த்து, கிளை இன்னும் கம்பியில் கிடக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று முடிவு செய்கிறது. கதவை இடித்துத் திறக்காமல் விரலால் தட்டிப் பார்ப்பது போல. கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆயுள் கூடும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை.

இப்போது அதே கிளை, அதே ஃபீடர். கோளாறுக்கு மிக அருகில், துணைமின் நிலையத்துப் பக்கம் உள்ள சுவிட்ச் திறக்கிறது. அதற்கு முன்னால் இருப்பவர்களுக்கு மின்தடையே இல்லை. கோளாறுக்கு அப்பால் உள்ள அடுத்த சுவிட்சும் திறந்து, அந்தத் துண்டு இரண்டு பக்கமும் வெட்டி ஒதுக்கப்படுகிறது. பிறகு மறுமுனையில், பக்கத்து ஃபீடரோடு இணைக்கும் இடத்தில் எப்போதும் திறந்தே இருக்கும் சுவிட்ச், தன் அண்டைச் சுவிட்சுகளிடம் கேட்டுக்கொள்கிறது. பக்கத்து ஃபீடரில் இப்போது எவ்வளவு லோடு ஓடுகிறது, இன்னும் எவ்வளவு தாங்கும்? இடம் இருந்தால் மூடிக்கொள்கிறது. அப்பால் இருந்தவர்களுக்கு நொடிகளில் மின்சாரம் திரும்புகிறது. மையக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அவர்களுக்கு நடந்து முடிந்ததுதான் திரையில் வருகிறது.

1,70,000 வாடிக்கையாளர்களை 1,200 சுவிட்சுகளுக்குப் பங்கிட்டால் ஒரு சுவிட்சுக்குச் சுமார் 140 பேர். சட்டனூகாவின் வெற்றிக்கு இந்த ஒற்றை எண்ணே காரணம் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு ஃபீடருக்கு ஒன்றோ இரண்டோ தானியங்கி சுவிட்ச் வைத்துவிட்டு ஸ்மார்ட் என்று பெயர் சூட்டும் ஊர்கள் நிறைய. அங்கேயும் மென்பொருள் இதேதான், திரையும் இதேபோலத்தான் இருக்கும். ஆனால் வெட்டி ஒதுக்கும் துண்டு ஐந்நூறு பேர் கொண்டதாக இருந்தால் ஐந்நூறு பேர் இருட்டில்தான் இருப்பார்கள். எந்த மென்பொருளாலும் இல்லாத சுவிட்சைத் திறக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து ஃபீடர் சுமையை ஏற்க வேண்டுமென்றால் அதன் கம்பி தடிமனாக இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரில் இடம் மிச்சம் இருக்க வேண்டும், இரண்டு ஃபீடரும் எங்காவது சந்திக்க வேண்டும். ஏற்கெனவே முழு லோடில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் ஃபீடர்களுக்கு நடுவே எவ்வளவு அறிவான சுவிட்சை வைத்தாலும் அது மூடாது. மூடினால் இரண்டாவது ஃபீடரும் போய்விடும். அறிவுக்கு முன்னால் செம்பும் அலுமினியமும் வேண்டும்.

2012 ஜூலை 5

வேலை பாதியில் இருந்தபோதே, 2011 ஏப்ரல் 27 அன்று, தென்கிழக்கு அமெரிக்காவைச் சூறாவளிகள் வரிசையாகத் தாக்கின. ஈபிபி வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் மின்சாரம் இழந்தார்கள். அப்போது சில சுவிட்சுகளே வேலைக்கு வந்திருந்தன.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு, 2012 ஜூலை 5 அன்று வந்தது. பலத்த காற்றோடு வந்த இடிமழை ஊரை முழுசாகக் கலைத்துப் போட்டது. இந்த முறை சுவிட்சுகள் கம்பத்தில் இருந்தன. அமெரிக்க எரிசக்தித் துறை பதிவு செய்திருக்கும் விவரப்படி, பாதிக்கப்பட்டிருக்க வேண்டிய வாடிக்கையாளர்களில் 53 சதவீதத்தினருக்கு மின்தடை வரவே இல்லை, அல்லது வந்த உடனே தானாகச் சரியானது. மீதமிருந்தவர்களுக்கு முழுவதும் மின்சாரம் திரும்பியது பழைய முறையில் ஆகியிருக்கக்கூடியதைவிட 17 மணி நேரம் வரை முன்னதாக. ஓவர்டைம், வெளியூர்ப் பணியாளர்கள் என்று வாரியத்துக்கு மிச்சமானது சுமார் 14 லட்சம் டாலர்.

பெரிய எண்ணிக்கையைவிட அந்த இரவின் வேலை எப்படி நடந்தது என்பது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. மின்தடைப் புகார்களை வைத்து ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்த இரண்டு சுவிட்சுக்கு நடுவே கோளாறு என்று தெரிந்துவிட்டதால் லைன்மேன்கள் நேராக அந்தத் துண்டுக்குப் போனார்கள். கம்பி வழியெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு தேடும் நேரம் இல்லாமல் போனதால், அதே ஆட்களே அதிக இடங்களைச் சரிசெய்ய முடிந்தது.

மீட்டரின் பங்கு இங்கேதான் வருகிறது. ஸ்மார்ட் மீட்டருக்குள் சிறிதளவு மின்சாரம் சேமித்து வைத்திருக்கும். சப்ளை நின்றதும் அந்த மிச்சத்தை வைத்துக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணைகிறது. வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் வாரியத்துக்குத் தெரிந்துவிடும். சரிசெய்த பிறகு அதைவிடப் பெரிய உபகாரம். மெயின் லைன் சரியாகிவிட்டது, தெரு முழுக்க விளக்கு எரிகிறது, ஆட்கள் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்குப் போகும் சர்வீஸ் வயர் மட்டும் அறுந்து தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் போன் செய்து, புகார் பதிவாகி, ஆட்கள் திரும்பி வர மறுநாள் ஆகும். இப்போது ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறை அந்தத் தெருவின் எல்லா மீட்டரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் சொல்லாத மீட்டர் எது என்று தெரிந்ததும், அங்கேயே நிற்கும் ஆட்களிடம் அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறார்கள். தனியாக வாழும் வயதானவர் ஒருவருக்கு, ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளிக்கு, அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது!

ஆண்டுக் கணக்கிலும் மாற்றம் தெரிகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 112 நிமிடமாக இருந்த மின்தடை, சில ஆண்டுகளில் சுமார் 62 நிமிடமாக இறங்கியது. தடைகளின் எண்ணிக்கை சராசரியாக 1.42-லிருந்து 0.69 ஆனது. ஏறக்குறைய பாதி. இதற்கு மேல் குறைப்பது கடினம். ஏனென்றால் மீதி இருப்பது நிஜமாகவே அறுந்துபோன கம்பி. அதைக் கைதான் கட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு

புயல் இல்லாத நாட்களில் இந்த ஏற்பாடு என்ன செய்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் வோல்டேஜ்.

அமெரிக்க வீடுகளுக்கு 120 வோல்ட். ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம், அதாவது 114-லிருந்து 126 வரை. ஃபீடர் நீளமாகப் போகப்போக வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். கடைசி வீட்டில் 114-க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் கடைசி வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று துணைமின் நிலையத்திலேயே வோல்டேஜைத் தூக்கி வைப்பார்கள். விளைவு, ஃபீடரின் தொடக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ்; அதற்கேற்ற கூடுதல் செலவு.

மீட்டர்கள் கடைசி வீட்டின் வோல்டேஜையும் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பயம் போய்விட்டது. இடையில் வோல்டேஜை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர்களையும் கெப்பாசிட்டர் தொகுதிகளையும் சரிபார்த்து, ஃபீடர் முழுவதையும் அனுமதிக்கப்பட்ட எல்லையின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவர முடிகிறது. வோல்டேஜை ஒரு சதவீதம் குறைத்தால் பயன்பாடு பொதுவாக அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை குறையும். யாரும் எதையும் அணைக்க வேண்டாம், யாருக்கும் எதுவும் தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குண்டு பல்ப், சாதாரண ஹீட்டர் போன்றவை வோல்டேஜ் குறைந்தால் உடனே குறைவாக இழுக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர் தேவையான சூடு வரும் வரை கூடுதல் நேரம் ஓடும். அதனால் மொத்த யூனிட்டில் பெரிய மிச்சம் இருக்காது. அப்படியிருந்தும் உச்ச நேரத்தில் இந்த முறை கைகொடுக்கும். எல்லா வீட்டுக் கருவியும் ஒரே நேரத்தில் ஓடும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொத்த இழுப்பு சற்று தாழ்கிறது. டென்னசி பகுதியில் வீட்டைச் சூடாக்கப் பெரும்பாலும் மின்சாரத்தையே பயன்படுத்துகிறார்கள் என்பதால், கோடை மாலையைப் போலவே குளிர்காலக் காலையும் உச்ச நேரம். ஈபிபி மொத்தமாக வாங்கும் மின்சாரத்துக்கு யூனிட் கட்டணம் மட்டுமல்ல, மாதத்தின் உச்ச இழுப்புக்கும் கட்டணம் செலுத்துகிறது. அந்த உச்சியை நறுக்கினால் நறுக்கிய ஒவ்வொரு மெகாவாட்டும் பணம்.

ஒரு மீட்டர் மாதம் ஒரு தடவை ரீடிங் கொடுத்த காலம் போய், இப்போது 15 நிமிடத்துக்கு ஒன்று, நாளைக்கு 96. ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஒரு டிரான்ஸ்ஃபார்மரோடு இணைந்த வீடுகளின் ரீடிங்கைக் கூட்டிப் பார்த்தால் அது அதிகச் சுமையில் இருக்கிறதா என்று வெடிப்பதற்கு முன்பே தெரிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்த யூனிட்டுக்கும் வீடுகளின் மொத்தத்துக்கும் கணக்கு உதைத்தால் நடுவில் கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

வீட்டுக்குள் வந்தபோது

இதுவரை சொன்னதெல்லாம் விநியோகத்தின் வெற்றி. வாடிக்கையாளர் தன் பழக்கத்தை மாற்றி, உச்ச நேரத்தில் குறைவாக, மற்ற நேரத்தில் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் ஸ்மார்ட் கிரிட் பற்றிய வாக்குறுதிகளில் ஒன்று. அந்தப் பக்கத்தில் சட்டனூகா காட்டியது குறைவு. வீட்டுக்காரர் தன் மணிவாரிப் பயன்பாட்டை இணையத்தில் பார்க்கலாம். பார்த்தவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையும் இரவும் ஒரே விலை என்றால் துணி துவைப்பதை இரவுக்குத் தள்ளிப்போட ஒருவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

விலையை மாற்றினால் மட்டும் போதுமா என்பதற்கு இத்தாலியைப் பார்க்க வேண்டும். உலகிலேயே முதன்முதலில் பெரிய அளவில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியது அங்கேதான். எனெல் என்ற மின் நிறுவனம் 2001-லிருந்து ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 210 கோடி யூரோ செலவில் மூன்று கோடி வீடுகளுக்கு மாட்டி முடித்தது. மீட்டரிலிருந்து தகவல் அதே மின்கம்பி வழியாகப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து, அங்கிருந்து செல்போன் அலைவழியே மையத்துக்குப் போகும். அங்கே வீட்டு இணைப்பு பெரும்பாலும் மூன்று கிலோவாட்டுக்கு மட்டும். அதைத் தாண்டினால் மீட்டரே அணைத்துவிடும். பில் கட்டாதவரை முழுசாகத் துண்டிக்காமல், ஒரு விளக்கும் சில சின்னக் கருவிகளும் மட்டும் ஓடும் அளவுக்குக் குறைத்துவிடவும் முடியும். மனிதாபிமானமான வழி என்றே அதைச் சொல்வேன். எனெலின் பிரச்சினை ரீடிங், களப்பணி, இழப்பு. மீட்டரில் தொடங்கியது அதற்குப் பொருத்தம், போட்ட பணமும் சில ஆண்டுகளிலேயே திரும்பியது. ஆனால் 2010 ஜூலையிலிருந்து வீடுகளுக்குப் பகல் ஒரு விலை, இரவும் வார இறுதியும் வேறு விலை என்று கொண்டுவந்தபோது மக்கள் பழக்கம் மாறியது மிகச் சொற்பம். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவு சிறியது. மாதக் கடைசியில் ஓரிரு யூரோவுக்காக யாரும் சமையல் நேரத்தை மாற்ற மாட்டார்கள்.

என் பார்வையில், வீட்டுப் பயன்பாடு மாற வேண்டுமென்றால் அந்த வேலையை மனிதரிடம் விடக் கூடாது. தண்ணீர் சூடாக்கும் தொட்டி, மின்கார் சார்ஜர் போன்றவை தாமாக இரவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். விலை வித்தியாசம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மின்கார்கள் பெருகும்போது இது தவிர்க்க முடியாததாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் மாலை ஆறு மணிக்குச் செருகினால், சட்டனூகாவின் 1,200 சுவிட்சும் சேர்ந்தாலும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்ற முடியாது.

கணக்கும் சில சந்தேகங்களும்

டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா கிளையில் உள்ள பொருளாதாரப் பேராசிரியர் பெண்டோ லோபோ, முதல் பத்து ஆண்டுகளில் இந்தக் கட்டமைப்பால் ஊருக்குக் கிடைத்த பயன் 269 கோடி டாலர் என்று 2020-ல் மதிப்பிட்டார். புதிய வேலைகள் சுமார் 9,500 என்றும் அதில் வருகிறது. இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. இதில் அதிவேக இணையத்தின் பயனும் மின்தடை குறைந்ததன் பயனும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஸ்மார்ட் கிரிட்டை மட்டும் போட்டால் இந்தத் தொகை வரும் என்று வேறொரு ஊர் எதிர்பார்த்தால் ஏமாந்துபோகும். திட்டச் செலவில் ஏறக்குறைய பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது என்பதும் எல்லோருக்கும் வாய்க்காது.

இணைய வருமானத்தைப் பெருக்கவும் எல்லை உண்டு. மின் வாரியம் தன் மின்விநியோகப் பகுதிக்கு வெளியே இணையம் விற்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். 2015-ல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கியது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. எல்லைக்கு அப்பால் இருக்கும் கிராமங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொலைவிலிருந்து திறக்கக்கூடிய சுவிட்சை வேறு யாராவது திறந்துவிட்டால்? 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் அதுதான் நடந்தது. மூன்று விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் துணைமின் நிலையப் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் மீட்டார்கள். எப்படி என்றால், ஆட்கள் நேராகத் துணைமின் நிலையங்களுக்குப் போய் கையால் பிரேக்கர்களை மூடினார்கள். கையால் இயக்கும் பழக்கம் அங்கே இன்னும் மறந்துபோகவில்லை. தானியங்கிக்கு மாறும் எந்த வாரியமும் அந்தப் பழக்கத்தைத் தன் ஆட்களிடமிருந்து போகவிடக் கூடாது; ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணினியை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். ஆட்குறைப்பால் மிச்சம் என்று திட்ட அறிக்கைகளில் எழுதப்படும் வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலை வருகிறது. 15 நிமிட ரீடிங்கிலிருந்து ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பது வரை தெரிந்துவிடும் என்பதால், அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்பதற்கும் கண்டிப்பான விதி வேண்டும்.

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு இரவு. வலுவான சூறாவளி ஒன்று சட்டனூகாவின் கிழக்குப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போனது. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்தன. சில தெருக்களில் கம்பமும் இல்லை, சுவிட்சும் இல்லை, வீடும் இல்லை. சூறாவளி தொடாத பகுதிகளுக்கு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் வேலையைச் சுவிட்சுகள் செய்தன. மற்ற இடங்களில் வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்த லைன்மேன்கள் பல நாட்கள் குழி தோண்டி, கம்பம் நட்டு, புதுக் கம்பி இழுத்தார்கள்.